பத்துச் சாண் சக்கரம்

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

மயிலாப்பூர் போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அலறியது.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக் கொண்டிருந்த காலை நேரம். இன்ஸ்பெக்டர் ஞானதாஸ் டீ டம்ளரை வைத்துவிட்டு ரிஸீவரை எடுத்தார்.

"சார்... சாந்தோம் மாதா கோயில் பக்கத்துலேர்ந்து பேசறோம். ரோட்டோரமா ஒருத்தர் கெடக்கறாரு..."

"குடிச்சுட்டா?"

"இல்ல சார்... செத்து!"

"மோட்டார்ல அடிபட்டா?"

"அடிபட்டுன்னு சொல்ல முடியாது சார். ஏத்தி... பின்னால வந்து... மறுபடி ஏத்தியிருக்கான்!"

டீ ஆறிப் போனது. குடிக்க யாருக்கும் மனமில்லை.

செத்தவன் பிலிப். பழைய டயருக்குப் புதுத் தோல் போர்த்தும் கடை வைத்திருந்தவன். கையில் ஜெபமாலை. காலைப் பூசைக்குக் கிளம்பியவன் கோயில் வாசலைத் தொடவில்லை.

சேற்றில் சக்கரத் தடம் பளிச்சென்று இருந்தது.

வழுக்கை டயர். அதில் எங்கோ கிழிந்து, ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் போதெல்லாம் அந்த ஒட்டு சேற்றில் ஒரு முத்திரை குத்தியிருந்தது.

ஞானதாஸ் குனிந்தார். ஒரு முத்திரையிலிருந்து அடுத்த முத்திரை வரை கையால் சாண் போட்டார்.

பத்துச் சாண்!

அவர் நிமிர்வதற்குள் மழை மறுபடி பிடித்துக் கொண்டது. தடம் கண்ணெதிரே கரைந்தது.

"போச்சு சார்!" என்றார் கான்ஸ்டபிள் நாகராஜ்.

"கை இருக்குதுல்ல நாகராஜ். அது கரையாது."

1944. அரிசிக்கு ரேஷன். பெட்ரோலுக்குக் கூப்பன். டயருக்கு பர்மிட். பர்மிட் வாங்கினாலும் டயர் கிடைக்காது. ஞானதாஸின் சொந்த மோரிஸ் கார் ஒரு வருஷமாக வீட்டு வாசலில் செங்கல் மேல் தவம் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதற்குள் குடும்பம் நடத்திக் கொண்டிருந்தது.

மத்தியானமே ஆளைப் பிடித்தாயிற்று!

பிடித்தது ஞானதாஸ் இல்லை. மேலதிகாரியின் உத்தரவு.

வடிவேலு. டாக்சி டிரைவர். போன மாதம் அடையாறு பாலத்தில் முன் டயர் வெடித்து ஒரு பஸ் கவிழ்ந்ததே... அதில் அவனுடைய ஒரே பெண் குழந்தை செத்துப் போனது. அந்த டயருக்குத் தோல் போர்த்தியவன் பிலிப் என்று யாரோ சொல்ல, வடிவேலு நேராகக் கடைக்குப் போய் அவனைத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்திருக்கிறான். ஊரே பார்த்தது.

போதாக்குறைக்கு அவன் டாக்சியின் பின் சக்கரம் வழுக்கை. அதில் ஒரு ஒட்டு!

லாக்கப் கம்பியைப் பிடித்துக் கொண்டு வடிவேலு கத்தினான்.

"அடிச்சேன் சார்! அத்த இல்லேன்னு சொல்லல! ஆனா வண்டிய ஏத்தல சார்! எம் பொண்ணு போன மாதிரி இன்னொருத்தன் போவணும்னு நான் நெனப்பனா?"

வாசற்படியில் அவன் மனைவி முத்தம்மா. மழையில் நனைந்து கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வந்து உக்காரும்மா."

"இன்னாத்துக்கு சார்? புள்ள பூட்ச்சி. இப்ப இவரையும் கயித்துல மாட்டப் போறீங்களாமே... நெசமா சார்?"

ஞானதாஸ் குடையை விரித்து அவள் பக்கத்தில் வைத்தார்.

நேராக வடிவேலுவின் டாக்சியிடம் போனார். சக்கரத்தைச் சுற்றிச் சாண் போட்டார். ஒரு முறை. இன்னொரு முறை.

ஒன்பதுதான்!

டெலிபோனில் மேலதிகாரியைப் பிடித்தார்.

"சார், வடிவேலு இல்ல சார். ரோட்டுல கண்ட சக்கரம் பெருசு. ஒரு சாண் வித்தியாசம்."

"தடம் எங்கய்யா?"

"மழையில கரைஞ்சு போச்சு சார்."

"ஒரு சாணுக்காக ஒரு கொலைகாரனை விடச் சொல்றீரா? நாளைக்கு கோர்ட்ல நிறுத்தும்!"

பட்டென்று வைத்துவிட்டார்.

பிலிப்பின் வீட்டில் அழுகை ஓய்ந்திருந்தது. அவன் மனைவி டோரதி சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அந்த டாக்சிக்காரன் மேல எனக்குக் கோபமில்லண்ணே. அடிச்சுட்டுப் போனப்புறம் இவரும் அழுதாரு. நான் பண்ணினது தப்புதான் டோரதின்னாரு."

"என்ன தப்பு?"

"உள்ளுக்குள்ள செத்துப் போன டயரையெல்லாம் ஒருத்தர் கொண்டாந்து கொடுப்பாராம். இவரு அதுக்குத் தோல் போர்த்தி, கறுப்பு பூசிக் கொடுக்க, அவர் புதுசுன்னு பஸ்ஸுக்கு வித்துட்டாராம். இன்னைக்குச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் முடிச்சுட்டு நேரா உங்க ஸ்டேஷனுக்குத்தான் வர்றதா இருந்தாரு. அதை அந்த ஒருத்தர்கிட்டயும் நேத்தே சொல்லிட்டாராம்."

"யாரந்த ஒருத்தர்?"

"சொல்லலண்ணே. நம்ம கோயில் பங்குல பெரிய மனுஷர்னு மட்டும் சொன்னாரு. பேரு தெரிஞ்சா உனக்கும் ஆபத்துன்னாரு."

ஆபத்து அவனோடு நின்றுவிட்டது.

தியாகராய நகரில் அப்துல் கய்யூமின் டயர் கடை. பர்மிட் உள்ளவனுக்கு முன் வாசல், பணம் உள்ளவனுக்குப் பின் வாசல் என்று ஊரில் பேச்சு.

"வாங்க ஸாப்! மோரிஸுக்கு டயரா? ஆண்டவன் மேல ஆணையா, இல்லே!"

"மோரிஸுக்கு இல்ல பாய். சுத்தளவு பத்துச் சாண் வர்ற சக்கரம் காட்டுங்க."

கய்யூமின் தாடி ஒரு விநாடி நின்றது. பிறகு இரண்டு டயரை உருட்டிக் கொண்டு வந்தார்.

"இதைப் பாருங்க. மேல இருக்கிற பட்டன் வரி எல்லாம் புதுசு மாதிரி இருக்கும். பக்கவாட்டுல அமுக்குங்க... வெடிப்பு தெரியுதா? வெயில்ல கெடந்து செத்துப் போச்சு. இதைத் தொடாதீங்க."

"அது?"

"தோல் போர்த்தினது. தப்பில்லே. ஆனா பின்னாடி போடுங்க. முன்னாடி போட்டு வெடிச்சா ஸ்டியரிங் உங்க பேச்சைக் கேக்காது."

"அடையாறு பஸ் மாதிரி?"

கய்யூம் அந்த டயரை ஓரமாக உருட்டி விட்டார்.

"நாலு டயர் ஒரே மாதிரி வேணும்னா?"

கய்யூம் சிரித்தே விட்டார்.

"இந்த யுத்தத்துலயா? ஸாப், மெட்ராஸ்ல ஓடுற எந்த வண்டியையும் பாருங்க. நாலு சக்கரம், நாலு ஜாதி! பத்துச் சாண்னா பெரிய அமெரிக்கா வண்டி. உங்க சாந்தோம்ல அப்படி ஓடுறது வில்லியம் துரையோட ப்யூக் ஒண்ணுதான்."

"அவருக்கு நீங்க வித்தீங்களா?"

"பர்மிட் இல்லாம நான் தும்மக்கூட மாட்டேன் ஸாப்!"

சொல்லிக் கொண்டே பேச்சை மாற்ற, பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

"நம்ம கடை வழக்கம். டயருக்கு ஒரு பழம் இனாம். சக்கரத்துக்கு அடியில வச்சு நசுக்கிட்டுத்தான் வண்டிய எடுக்கணும். கண்ணேறு போயிடும்."

"நான்தான் வாங்கவே இல்லையே. அதோட நாங்க வேதக்காரங்க பாய். எங்கள்ல புது வண்டின்னா சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார்."

"டயருக்கு வேதம் ஏது ஸாப்? ரோட்டுல போற எல்லாருக்கும் பயம் ஒண்ணுதான்!"

வில்லியம்!

யுத்த காண்ட்ராக்டர். கோயிலில் முதல் வரிசை பெஞ்சு. போன வருஷம் ஒரு ஏழை ஜட்காக்காரன் வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியதற்காக, சபைக் கூட்டத்தில் அவனை எழுப்பி நிறுத்தி, 'அஞ்ஞானி' என்று வைதவர்.

ஞானதாஸ் சாந்தோம் பங்களாவுக்குப் போனபோது மழை விட்டிருந்தது.

"வாங்க ஞானதாஸ். பாவம் பிலிப்! அவனுக்காகப் பூசைக்குச் சொல்லியிருக்கேன்."

"நல்லது சார். உங்க ப்யூக்கைக் கொஞ்சம் பாக்கணும்."

"ஓ! தாராளமா."

முகத்தில் ஒரு சுருக்கம் கூட விழவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தானே ஷெட்டைத் திறந்தார்.

ஞானதாஸ் நான்கு சக்கரத்தையும் பார்த்தார்.

வழுக்கை இல்லை! ஒட்டு இல்லை!

நான்கும் ஒரே மாதிரி. மேலே சேறு, புழுதி. பட்டன் ஓரங்கள் கொஞ்சம் மழுங்கியிருந்தன.

"நாலும் ஒரே ஜோடியா இருக்கே சார்?"

"யுத்தத்துக்கு முன்னாடி வாங்கினது. பெட்ரோல் இல்லாம வண்டியைக் கட்டை மேல ஏத்தி நிறுத்தி வச்சிருந்தேன். அதான் தேயலை. தொட்டுப் பாருங்களேன்."

தொட்டுப் பார்த்தார். அரம் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. ஆனால் 'மாதிரி'யை வைத்துக் கொண்டு கோர்ட்டில் என்ன செய்வது?

நாகராஜ் காதோடு சொன்னார்: "வந்த வழியே போயிடலாம் சார்."

முத்தம்மாவின் முகம் ஞானதாஸின் கண்ணில் வந்து நின்றது.

"வண்டியை யார் ஓட்டறது சார்?"

"நானேதான். டிரைவர் பட்டாளத்துக்குப் போயிட்டான்."

"வேற யாராவது ஷெட்டுக்குள்ள வந்திருக்கலாமே? தோட்டக்காரன்... சமையல்காரி..."

"சான்ஸே இல்ல! டயர் திருடற காலம். சாவி ஒண்ணே ஒண்ணு. தூங்கறப்பவும் என் இடுப்புலதான். என்னைத் தவிர இந்த ஷெட்டுக்குள்ள ஒரு ஈ நுழையாது!"

"ரொம்ப ஜாக்கிரதைதான்... கொஞ்சம் வண்டியைப் பின்னால தள்ளலாமா?"

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

நாகராஜ் பானெட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். ப்யூக் ஒரு அடி பின்வாங்கியது.

முன் சக்கரம் நின்ற இடத்தில்...

மஞ்சளாக ஏதோ தரையோடு தரையாகச் சப்பையாகி ஒட்டிக் கிடந்தது!

ஞானதாஸ் அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். மூக்கருகே கொண்டு போனார்.

எலுமிச்சம்பழம்! ஈரம்கூடக் காயவில்லை!

மற்ற மூன்று சக்கரத்தடியிலும் பார்த்தார்கள். மூன்றிலும் மூன்று!

"என்ன சார் இது?"

"அது... சமையல்காரி எதையாவது..."

"ஒரு ஈ நுழையாதுன்னீங்களே!"

ஞானதாஸ் நசுங்கிய தோலை அவர் முன் நீட்டினார்.

"இந்துக்கார வீடா இருந்தா, அமாவாசைக்கு நசுக்கினோம், வெள்ளிக்கிழமைக்கு நசுக்கினோம்னு ஆயிரம் சொல்லலாம். நானும் சல்யூட் அடிச்சுட்டுப் போயிருப்பேன். நீங்க என்ன சொல்லப் போறீங்க? ஜட்காக்காரனை நிக்க வச்சு வைதவராச்சே!"

வில்லியம் நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றிக் கொண்டார்.

"புது டயர் மாட்டினா நம்ம வழக்கப்படி சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிச்சிருப்பீங்க. இந்தத் தடவை கூப்பிட முடியல. கூப்பிட்டா பங்கு முழுக்கத் தெரிஞ்சு போகும். அதோட... காலையில பூசைக்குப் போறவனை ரோட்டுல நசுக்கிட்டு, மத்தியானம் அதே கோயில் சாமியார் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"ஞானதாஸ்... ப்ளீஸ்..."

"செத்த டயர் வெடிச்சா என்ன ஆகும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? பயம் சார்! அந்தப் பயத்துல, கடைக்காரன் இனாமாக் கொடுத்த நாலு பழத்தையும் கதவைச் சாத்திக்கிட்டு நசுக்கிட்டீங்க!"

வில்லியம் ப்யூக்கின் மட்கார்டில் சாய்ந்து விட்டார்.

"பழைய டயர் எங்கே?"

வாய் சொல்லவில்லை. கண் மட்டும் தானாக மேலே போனது.

ஷெட்டின் பரண்!

நாகராஜ் ஏறினார். சாக்கு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார். மூன்றாவது டயர்... வழுக்கை. நடுவில் ஒரு ஒட்டு. ஒட்டின் விளிம்பில் ஒரு ஜெபமாலை மணி சிக்கியிருந்தது.

ஞானதாஸ் சிலுவை போட்டுக் கொண்டார். பிறகு சாண் போட்டார்.

பத்து!

"கொளுத்தியிருக்கலாமேய்யா..." என்றார் நாகராஜ், தாங்க முடியாமல்.

வில்லியம் முதல் முறையாக உண்மையைச் சொன்னார்.

"இந்தக் காலத்துல... டயரை எவன் கொளுத்துவான்?"

கய்யூமின் பின் வாசலில் அன்று மாலையே பூட்டுத் தொங்கியது. அவரும் உண்மை சொல்லக் கற்றுக் கொண்டார்.

லாக்கப் திறந்தது. வடிவேலு வெளியே வந்தான். முத்தம்மா எழுந்தாள்.

ஞானதாஸ் அவளிடம் போனார்.

"உன் புருஷன் மேல கேஸ் இல்லம்மா. செத்த டயரை வித்தவனும் அந்த வில்லியம்தான். பிலிப்பைக் கொன்னவனும் அவன்தான். பழைய டயரைக் கழட்டி ஒளிச்சு வச்சிருந்தான். ஒத்துக்கிட்டான்."

முத்தம்மா முந்தானையைப் பிழிந்தாள்.

"அவன் பழைய டயரை கயிட்டிட்டு புச்சு மாட்டிக்கினான் சார். எம் பொண்ணுக்கு பதிலா நான் இன்னாத்த மாட்டிக்கிறது?"

வடிவேலு அவள் தோளைத் தொட்டான். இருவரும் மழையில் இறங்கி நடந்தார்கள். டாக்சியை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஞானதாஸ் வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

பின்னால் நாகராஜ் கனைத்தார்.

"சார்... கோர்ட்டுல கேஸ் முடிஞ்சதும் அந்த ப்யூக்கோட நாலு புது டயரையும்... நம்ம மோரிஸுக்கு..."

"அது பத்துச் சாண்யா. என் வண்டி ஒன்பது."

"அப்ப செங்கல்தானா சார்?"

"செங்கல்தான். அரிசி, பெட்ரோல், டயர்... எல்லாத்துக்கும் ரேஷன் போட்டுட்டாங்க நாகராஜ். தூக்குக் கயிறு ஒண்ணுதான் இன்னும் பர்மிட் இல்லாம கிடைக்குது!"