கானா நாட்டு நாவற்பழம்

1964ஆம் வருடம், தென்காசியில் சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு மதியம், ஆறாம் வகுப்பு முழுவதும் உலக நாடுகளாக மாறிவிட்டது.

எல்லாம் பாலாம்பாள் டீச்சரின் யோசனை. பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் ஜெனீவாவில் கூடி வியாபாரத்தைப் பற்றிப் பேசிய செய்தியை அவர் பேப்பரில் படித்திருந்தார். அதையே ஒரு விளையாட்டாக்கினார்.

நான்கு பேர் பணக்கார நாடுகள். அவர்களிடம் ஒரு டப்பா நிறையக் கடலைமிட்டாய். மற்றவர்கள் ஏழை நாடுகள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பொறுக்கிய நாவற்பழம்தான் அவர்கள் சரக்கு. பழத்தைக் கொடுத்து மிட்டாய் வாங்க வேண்டும். விலையை நாடுகளே பேசிக்கொள்ள வேண்டும்.

ராபியா, கானா நாடு. ஒரு மிட்டாய்க்கு ஐந்து பழம் என்றாள். சிலோனாக இருந்த முத்துவடிவு பத்து தருகிறேன் என்றாள். உடனே பர்மா இருபது என்றது.

பெஞ்சில் சாய்ந்திருந்த சந்தானகிருஷ்ணன்தான் இங்கிலாந்து. "பை நெறைய கொண்டாங்க, பாதி மிட்டாய் தாரேன்" என்றான்.

ராபியாவுக்கு எரிச்சல் வந்தது. முதலில் அவன் மேல். யோசித்துப் பார்த்தபின் தங்கள் மேலேயே. ஏழை நாடுகளையெல்லாம் மூலைக்கு அழைத்தாள்.

"வெலைய அவன் எறக்கல. நாமதான் போட்டி போட்டு எறக்குதோம். எல்லாரும் ஒரே வெலை சொல்லுவோம்."

பர்மாவான அய்யாத்துரை மட்டும் தயங்கினான். காலையில் அவன் சாப்பிடாமல் வந்திருந்தான். பாதி மிட்டாய் கிடைத்தாலும் போதும் என்றான். ராபியா அவனைத் திட்டவில்லை.

"மொதல்ல வார மிட்டாய் உனக்குத்தாம்லே" என்றாள். மற்ற நாடுகளும் ஒத்துக்கொண்டன.

அதன்பிறகு ஒருவரும் பெஞ்சுப் பக்கம் போகவில்லை. பணக்கார நாடுகள் கொஞ்ச நேரம் மிடுக்காக மிட்டாய் தின்றன. தின்று தின்று நாக்குத் திகட்டியதும், பளபளத்த பழங்களை எட்டி எட்டிப் பார்த்தன.

கடைசியில் சந்தானகிருஷ்ணன் இறங்கி வந்தான். "அப்போ இனிமே நீங்க சொல்லுததுதான் சட்டமா?" என்று கேட்டான்.

"அப்படி இல்லலே. நாங்க மட்டும் சொல்லுததும் சட்டம் இல்ல, நீங்க மட்டும் சொல்லுததும் சட்டம் இல்ல. இங்கன உக்காரு, சேந்து பேசுவோம்" என்று ராபியா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

பேச்சு நீண்டது. இரண்டு முறை சண்டை வரப் பார்த்தது. முடிவில், ஒரு மிட்டாய்க்கு ஆறு பழம் என்று ஆயிற்று. பழம் அதிகம் கிடைக்காத நாடுகளுக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுக்கலாம் என்று இங்கிலாந்தே சொன்னது. முதல் மிட்டாய் அய்யாத்துரையின் கைக்குப் போனது.

மணி அடித்தது. மாநாட்டில் ஜெயித்தது எந்த நாடு என்று டீச்சர் கேட்டார். எல்லா நாடுகளின் வாயும் நிறைந்திருந்ததால், யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.