அரை விரல் வித்தியாசம்

பால் டம்ளர் காலியாக இருந்தது. கோளாறே அங்கேதான். பாலில் ஆடையைக் கண்டாலே மூக்கைச் சுளித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடுகிற பெண், இன்று கெட்டியாக ஆடை மிதந்த பாலை ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, அம்மாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சுண்டெலி, ஆடை இருந்துச்சேடி?"

"பரவாயில்லம்மா."

ஏழு வயதில் எந்தக் குழந்தை பரவாயில்லை என்று சொல்கிறது? அவள் மேலே கேட்கவில்லை. பிக்னிக் போன இடத்தில், ஏரிக்கரையில் காணாமல் போன குழந்தை. வலை போட்டுத் தேடியவர்கள்கூட உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிறகு, எதிர்க்கரையில் ஈரமே படாத உடையோடு உட்கார்ந்திருந்தது. கிடைத்ததே பெரிய காரியம். இதில் பால் ஆடைக்கெல்லாம் கணக்குப் பார்த்தால் சாமி கண்ணைக் குத்தும்.

ஆனால் கணக்குப் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. அடுத்தவர் எழுதிய ப்ரோகிராம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, வீட்டிலிருந்தபடியே டெஸ்ட் எழுதுகிறவள். இடப்பக்கம் வரவேண்டிய விடை, வலப்பக்கம் உண்மையில் வந்த விடை. இரண்டும் சமமென்றால் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு திருட்டுத்தனம் செய்வார்கள். சிவப்பு வந்தால் ப்ரோகிராமைத் திருத்த மாட்டார்கள். வரவேண்டிய விடையை அழித்து, வந்த விடையையே அங்கே எழுதிவிடுவார்கள். உடனே பச்சை. "பையன் பரீட்சையில தப்பா எழுதினா விடைக்குறிப்பையா மாத்துவீங்க?" என்று அவள் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் உயரத்தை அளந்தாள். வாசல் கதவைத் திறந்துவைத்து, அதன் விளிம்பில் முதுகையும் குதிகாலையும் ஒட்டிக்கொண்டு நிற்பது சுண்டெலிக்குப் பெரிய விளையாட்டு. அம்மா பென்சிலால் கோடு போடுவதற்குள் "வளந்துட்டேனா, வளந்துட்டேனா" என்று நச்சரித்துவிடும். அன்று வாயே திறக்கவில்லை. ஏரிக்குப் போவதற்கு முந்தின நாள் போட்ட கோட்டுக்கு அரை விரல் கீழே நின்றது தலை.

வெளியூரில் வேலையாக இருந்த கணவருக்குப் போன் போட்டாள்.

"குறைஞ்சிருக்குங்க. குழந்தைங்க எங்கயாவது குறையுமா?"

"நீ கோணலாப் போட்டிருப்ப."

"இடது கையால சாப்பிடறவ இப்ப வலது கையால சாப்பிடறா."

"உன் தொழிலே குத்தம் கண்டுபிடிக்கிறதுதான். பெத்த பொண்ணையுமா டெஸ்ட் பண்ணுவ? பயந்துபோன குழந்தை. கொஞ்சம் விட்டுப் பிடி."

போனை வைத்ததும், பழக்கதோஷம், கம்ப்யூட்டரைத் திறந்து மகளுக்கு ஒரு டெஸ்ட் எழுதினாள். பாலில் ஆடை இருந்தால் குடிக்காது. குப்புறப் படுத்து, ஒரு காலை அம்மா மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கும். இடது கை. உயரம், கடைசிக் கோடு. எதிரே, வீட்டில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து நிரப்பினாள். டெஸ்டை ஓட்டினாள். மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது தன் பெண் இல்லையென்று ஒப்புக்கொள்ள ஒரு நொடி போதும். ஆனால் ஒப்புக்கொண்டால், தன் பெண் இன்னும் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறாள் என்றாகிவிடும். பெற்ற வயிறு அதை எப்படித் தாங்கும்? விரல்கள் தாமாகவே நகர்ந்தன. பாலில் ஆடை இருந்தாலும் குடிக்கும். பச்சை. மல்லாந்து தூங்கும். பச்சை. உயரத்துக்கு மட்டும் தொழிலிலேயே ஒரு சலுகை உண்டு. அளவுகளை ஒப்பிடும்போது சின்ன வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம். அரை விரல் என்று போட்டாள்.

அதன்பிறகு சுலபமாகிவிட்டது. இமை முழுக்க மூடாமல் மல்லாந்து கிடக்கும் உடம்பிலிருந்து மூச்சுச் சத்தமே வராததையும், குளியலறைக் குழாய் சொட்டும்போதெல்லாம் அந்தத் தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்புவதையும், எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் கூந்தலுக்கு அடியிலிருந்து கிளம்பிவரும் சேற்று வாடையையும், அவள் ஒவ்வொன்றாக வரவேண்டிய விடையின் பக்கம் ஏற்றிக்கொண்டே போனாள். ஒருநாள் சுண்டெலியின் சிரிப்பை நினைத்துப் பார்த்தாள். எப்படிச் சிரிக்கும்? நினைவுக்கு வரவில்லை. அன்று முழுக்க அழுதாள்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம். விளக்குப் போடுகிற நேரம். மடியில் கம்ப்யூட்டர், எல்லாம் பச்சை. உள்ளறையில் குழந்தை.

வாசல் கதவில் தட்டும் சத்தம். கைப்பிடிக்கும் கீழே. உள்ளங்கையால்.

"அம்மா. சுண்டெலி வந்திருக்கேன். குளிருதும்மா."

அவள் கம்ப்யூட்டரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். எழுந்துபோய்க் கதவில் காதை வைத்தாள். பற்கள் கிடுகிடுக்கும் சத்தம்.

"பால்ல... ஆடை இருந்தா?"

"அய்யே! எடுத்துடும்மா."

திரும்பித் திரையைப் பார்த்தாள். குடிக்கும் என்றிருந்தது.

"எப்படித் தூங்குவ?"

"உன் மேல கால் போட்டு."

மல்லாந்து. மல்லாந்து என்றுதான் இருந்தது.

"வேணும்னா அளந்து பாரும்மா. நிக்கிறேன் பாரு."

கதவின் மறுபக்கம் முதுகு ஒட்டும் சத்தம். பிறகு குதிகால்கள். டொக். டொக்.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். இழுத்தால் போதும். ஆனால் வெளியே நிற்பது மகளென்றால், இத்தனை நாளாகக் கட்டிக்கொண்டு படுத்தது எதை?

சில்லென்று ஒரு சின்னக் கை அவள் கைக்குள் நுழைந்தது. வலது கை.

"யாரும்மா?"

"யாருமில்ல."

அவள் சொன்னது வெளியேயும் கேட்டிருக்கும். கதவு அவ்வளவு மெல்லியது. பல் கிடுகிடுப்பு நின்றது. பிறகு ஈரக் காலடிகள், அவசரமில்லாமல், படிப்படியாகக் கீழே இறங்கின.

அவை கேட்காமல் போன பிறகுதான் அவள் கை அசைந்தது. தாழ்ப்பாளை இழுத்து, கதவை விரியத் திறந்தாள். "சுண்டெலி!" என்று கத்தினாள். "கண்ணு, வந்துடும்மா!" மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. படிகளில் சேறு படிந்த சின்னச் சின்னப் பாதத் தடங்கள், எல்லாம் கீழே பார்த்து.

கதவின் வெளிப்பக்கம் ஈரம். இரண்டு குதிகால், முதுகு, தோள், மேலே தலை. அசையாமல், சமர்த்தாக, நேராக நின்றிருக்கிறது. தலையின் ஈரம் முடிந்த இடத்திலிருந்து விரலை விளிம்புக்கு நகர்த்தினாள். கடைசிப் பென்சில் கோட்டில் போய் நின்றது. கூடவுமில்லை, குறையவுமில்லை.

உள்ளேயிருந்து குழந்தை வந்தது. அவளைத் தாண்டிப் போய், அந்த ஈரத்தில் முதுகை ஒட்டி, குதிகாலை ஒட்டி நின்றது. அவளைப் பார்த்துப் புன்னகைத்தது.

"அளந்து பாரும்மா."

அதன் தலைக்கு மேல், அரை விரல் அகலத்துக்கு ஈரம் மிச்சம் இருந்தது.