சோதனைக் கடிதம்

அண்ணனிடமிருந்து வந்திருந்த கடிதம் மெலிந்த எழுத்தில் இருந்தது.

படிக்காத மின்னஞ்சலின் தலைப்பு தடித்த எழுத்தில் நிற்கும். திறந்து படித்ததும் மெலிந்துவிடும். கணினி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் பதினோரு வருடமாக வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கும் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடிப்பும் மெலிவும் தெரியும். இந்தக் கடிதத்தை அவள் இன்னும் திறக்கவே இல்லை. இந்த வாரத்தில் இது மூன்றாவது.

முதல் தடவை தன்னையே திட்டிக்கொண்டாள். அரைத் தூக்கத்தில் படித்திருப்பேன், புத்தி எங்கேயோ மேயப் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். இரண்டாவது தடவை அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் ஒரு மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். கேட்டதும் அவன் குரல் மாறிவிட்டது. உடனே கடவுச்சொல்லை மாற்றச் சொன்னான். பதினெட்டு எழுத்தில் வாயில் நுழையாத ஒன்றை அவனே சொல்லிக் கொடுத்து, எங்கும் எழுதி வைக்காதே என்றும் சொன்னான். அவள் எழுதித்தான் வைத்தாள். பதினெட்டு எழுத்து யாருக்கு நினைவிருக்கும்? ஒரு துண்டுத் தாளில் எழுதி, இரண்டாக மடித்து, படுக்கையறை அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகினாள்.

இப்போது மூன்றாவது கடிதம். அதைத் திறந்தாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டியோடு வருகிறேன், இரண்டு பெட்டிக்கு மேல் வேண்டாம், சுண்டுவிடம் முன்கூட்டியே சொல்லாதே என்று எழுதியிருந்தான்.

நாளும் நேரமும் அதில் இருந்தன. அவளுக்கு முன்பே படித்தவருக்கும் இப்போது அவை தெரியும்.

சுண்டு அவளுடைய ஆறு வயது மகள். சுண்டுவின் அப்பாவை விட்டு அவர்கள் இருவரும் ஓடிவந்து நாலு மாதம் ஆகிறது. அவன் அடித்ததெல்லாம் பிறகு. அதற்கு முன்பே அவளுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் முதலில் அவன்தான் படிப்பான். ஒளிக்கவும் மாட்டான். படித்து முடித்ததும் தாளை நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, அவள் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பான். ஓடிவரும்போது அவள் தன் பழைய போனைக்கூட அவன் வீட்டு அடுக்களையிலேயே விட்டுவிட்டு வந்தாள். இந்த வீட்டு விலாசம் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

"இது கம்பி வழியா நடக்கிற வேலைன்னுதான் எனக்குத் தோணுது." மதியம் போனில் அண்ணன் சொன்னான். "அந்த வீட்டு இன்டர்நெட் யாரோடது?"

"கீழ் வீட்டம்மாவோடது. மூணு குடித்தனத்துக்கும் ஒண்ணுதான்."

"அதான். உன் மெயில் பூட்டே இல்லாம போய்ட்டு வந்துட்டு இருக்கு. நடுவுல யார் வேணும்னாலும் எட்டிப் பார்க்கலாம். இப்பவே பூட்டிடலாம், பயப்படாதே. போனை ஸ்பீக்கர்ல போடு."

வெளியே காலையிலிருந்து விடாத மழை. மூன்று மணிக்கே விளக்கு போட வேண்டியிருந்தது. அறை முழுக்க நனைந்த சுவரின் வாடை. குளிர்சாதனப் பெட்டி உறுமி உறுமி நின்றது. அது நின்ற பிறகு வரும் அமைதியில் மாடிப்படிப் பக்கம் சொட்டும் தண்ணீரும், படுக்கையறைப் பரணில் மரப்பலகை ஈரத்துக்கு நெளியும் சத்தமும் கேட்டன. பரணில் இருப்பதெல்லாம் கீழ் வீட்டம்மாவின் தட்டுமுட்டுச் சாமான். மாடிப்படிப் பக்கமும் அதற்கு ஒரு கதவு உண்டு, நாங்கள் அந்த வழியாக எடுத்துக்கொள்வோம், உனக்குத் தொந்தரவு இருக்காது என்று குடிவந்த அன்றே சொல்லியிருந்தார். பலகைச் சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது.

"செட்டிங்ஸ்ல கணக்குக்குப் போ. இணைப்புப் பாதுகாப்புன்னு இருக்கா?"

"இருக்கு. 'ஏதுமில்லை'ன்னு போட்டிருக்கு."

"அடிப்பாவி! நாலு மாசமா தெருவுல நின்னு கத்திப் பேசியிருக்கே. அதை மாத்தி, குறியாக்கம்னு இருக்கிறதைத் தேர்ந்தெடு. போர்ட் எண் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்து மூணு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலு நாளில் முதல் சிரிப்பு. எண்ணை அடித்தாள். கடவுச்சொல் கேட்டது.

"ஒரு நிமிஷம்ணா."

படுக்கையறைக்குப் போனாள். பள்ளிக்கூட மழை விடுமுறையில் ஆடிக் களைத்து, சுண்டு போர்வையைக் காலுக்கிடையில் சுருட்டிக்கொண்டு தூங்கினாள். காலையில் படம் வரைந்துகொண்டே 'டிங்... டிடிங்...' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் பழைய போனில் கடிதம் வந்தால் அடிப்பதற்காகச் சுண்டுவே தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஒலி அது. நாலு மாதமாகியும் பிள்ளை மறக்கவில்லையே என்று அவளுக்கு மனசு கனத்தது.

துணிகளுக்கு அடியிலிருந்து தாளை எடுத்தாள். நான்காக மடிந்திருந்தது.

இரண்டாகத்தானே மடித்தேன்? அலமாரிக் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவசரத்தில் துணியோடு துணியாக மடங்கியிருக்கும். வேறென்ன? வீட்டுக்குள் யார் வரப்போகிறார்கள்? வாசலில் இரண்டு தாழ்ப்பாள்.

மேசைக்கு வந்து பதினெட்டு எழுத்தையும் அடித்தாள். திரையில் ஓர் எச்சரிக்கை எழுந்தது. மெயில் சர்வரின் சான்றிதழை நம்புகிறீர்களா என்று கேட்டது. அதிலிருந்த நீண்ட எண்ணை அவள் நான்கு நான்காக வாசிக்க, அண்ணன் தன் திரையில் இருந்ததோடு ஒப்பிட்டான். மெய்ப்புப் பார்ப்பது போலவே இருந்தது. ஓர் எழுத்தும் பிசகவில்லை.

"சரியா இருக்கு. நம்புன்னு கொடு."

கொடுத்தாள். மூலையில் சின்னதாகப் பச்சை நிறத்தில் ஒரு பூட்டு வந்து உட்கார்ந்தது.

"வந்துடுச்சுண்ணா! பூட்டு!"

"அப்பாடா. இனிமே நடுவுல ஒரு ஈ, எறும்பு நுழைய முடியாது. உன் மெயில் அந்த முனையிலயும் இந்த முனையிலயும்தான் திறக்கும். கடைசியா உனக்கே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பாரு. திறக்காதே. வந்தா மட்டும் சொல்லு."

சோதனை என்று தலைப்பிட்டாள். உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அனுப்பினாள்.

"பத்து எண்ணு," என்றான் அண்ணன்.

ஏழில் வந்தது. தடித்த எழுத்தில், கருகருவென்று: சோதனை. அதன் பக்கத்தில் பூட்டு. தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். அதுவரை தாக்குப்பிடித்துவிடலாம் என்று நிஜமாகவே நம்பினாள்.

டிங். டிடிங்.

படுக்கையறையிலிருந்து. மெல்ல. துணிக்குள் பொத்தி வைத்த மாதிரி.

தூக்கத்தில் பாடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

மவுஸில் அவள் கை இல்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன.

எழுத்து மெலிந்தது.

"வந்துச்சா?" என்றான் அண்ணன்.

அவள் எழுந்தாள். நாற்காலி சத்தம் போடாமல். ஆறே எட்டு வைத்தாள். படுக்கையறை வாசல்.

சுண்டு மல்லாந்து படுத்திருந்தாள். வாய் மூடியிருந்தது. நல்ல தூக்கம். போர்வையின் மேல், மார்புக்கு நேராக, பொடிப்பொடியாக மரத்தூள். இப்போதுதான் விழுந்தது. இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

அவள் தலையை உயர்த்தினாள். கட்டிலுக்கு நேர் மேலே பரண். எப்போதும் இறுகச் சாத்தியிருக்கும் அதன் கதவில் ஒரு விரல் அகல இடைவெளி. அந்த இடைவெளியில் நீல வெளிச்சம். போன் திரையின் வெளிச்சம்.

"ஹலோ? ஏம்மா, பேச மாட்டேங்கிறே? சோதனை வந்துச்சா இல்லையா?" மேசையிலிருந்து அண்ணனின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

நீல வெளிச்சம் அணைந்தது.

இருட்டான அந்த இடைவெளி ஒரு சாண் விரிய, அதிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. விரல் நுனியில் ஒரு காகிதம் இருந்தது, நான்காக மடித்து, மடிப்பை நன்றாக நீவி. கை அதைத் தூங்கும் பிள்ளையின் மேல் விட்டது. திரும்பி உள்ளே போகவில்லை. கதவின் விளிம்பைப் பிடித்து, மெதுவாக, அகலத் திறக்கத் தொடங்கியது.