தம்பி என்று அழைத்த பக்கம்

"அந்த ஒண்ணு போட்ட மகராசன் யாருங்க?"

கதவைத் திறந்த வேகத்திலேயே கேட்டுவிட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் எழுந்து நின்றான்.

"நான்தாங்க."

வெளியே மழை. அந்த மழையைக் கொஞ்ச நேரம் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டது போன்ற கண்கள் அவனுக்கு... சண்டைக்கு வந்தவளுக்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்தது.

அவர்கள் வேலை அப்படி. பெண்கள் பள்ளிகளின் கணினிகளில் எந்தெந்த இணையப் பக்கங்களைச் சேர்க்கலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பெண் எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் அவளை 'வாம்மா' என்கிறதா, முகம் சுளிக்கிறதா? ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். மார்க் ரொம்பவும் விலகினால் இருவரும் இந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். ஆபீசில் இதற்குச் சண்டை அறை என்று பேர்.

இன்றைய வழக்கு, சைக்கிள் பழுது பார்ப்பவர்கள் கூடிப் பேசும் ஒரு பழைய பக்கம். அவள் ஐந்து போட்டிருந்தாள்.

"பன்னெண்டு வயசுல எனக்கு அதுதாங்க உலகம்," என்றாள். சொல்லும்போதே அந்தக் கோடை விடுமுறை திரும்பி வந்தது... கூடத்து மூலையில் மூச்சு வாங்கும் கணினி. வாசலில் கவிழ்த்துப் போட்ட சைக்கிள். பதிலைப் படிக்க உள்ளே ஓடுவாள், செய்து பார்க்க வெளியே ஓடுவாள். விசைப்பலகையில் பாதி எழுத்துகள் கிரீஸில் காணாமல் போயின. அம்மா திட்டித் தீர்த்தாள். முகம் தெரியாத யார் யாரோ, செயினைக் கோர்க்கவும் பிரேக்கை இறுக்கவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். "அவ்ளோ நல்லவங்க. அதுக்குப் போய் ஒண்ணா?"

அவன் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு மெல்ல, "எந்தப் பேர்ல போனீங்க?" என்றான்.

"அண்ணன் பேர்ல. அவன்தான் அதுல சேந்திருந்தான்."

"உங்கள எப்படிக் கூப்பிட்டாங்க?"

பதில் நாக்கில் வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"தம்பின்னு."

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "இது என் தங்கச்சி கேட்டது. அவ சொந்தப் பேர்லயே போனா. அதே செயின் கேள்விதான்."

கீழே பதில்கள் வரிசையாக நின்றன. 'அப்பாவைக் கூப்பிடும்மா.' 'கை அழுக்காயிடும் கண்ணு, போய்ப் படி.' அதற்கு முப்பது பேர் சிரித்திருந்தார்கள்.

"நானும் அப்ப அதுல இருந்தேன். பாத்துட்டு சும்மா இருந்தேன். அவ அதுக்கப்புறம் சைக்கிளத் தொடவே இல்ல."

அவள் ஒன்றுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறினாள். கண் எரிந்தது. ஒரே கேள்வியில் அந்தக் கோடை முழுவதையும் அண்ணனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டானே! அவன் சொன்னது சரி. அதனாலேயே அவனை மன்னிக்க முடியவில்லை.

மேலாளர் அக்கா மறுநாளே அவர்களை ஜோடியாகப் போட்டுவிட்டார். "நல்லா சண்ட போடுறீங்க, வேல சுத்தமா இருக்கும்."

ஆனால் சண்டை வரவில்லை. இவள் மூன்று போட்டால் அவனும் மூன்று. இவள் நான்கு, அவனும் நான்கு. இரண்டு மாதம்... ஒரு முறைகூட அந்த அறைக்கு அழைப்பு வரவில்லை. எதிரே வந்தால் அவள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தாள், வலியப் போய்ப் பேச ரோஷம் விடவில்லை. தூறல் விழும் பிற்பகல்களில் மட்டும் அந்தக் கண்கள் ஞாபகம் வந்து தொலைத்தன.

அப்போதுதான் தச்சு வேலை செய்யும் ஒரு சிறுமியின் பக்கம் வந்தது. முதன்முதலாகச் செய்த முக்காலி ஆடுவதைக்கூட மறைக்காமல் படம் போட்டிருந்தாள். சந்தேகம் கேட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பேர் சொல்லிப் பதில். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து தரலாம். அவனும் ஐந்துதான் தருவான்...

அவள் ஒன்று போட்டாள்.

அரை மணியில் அக்கா இருவரையும் சண்டை அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணு போட்டிருக்கீங்க. பட்டியல் சாயங்காலம் போகுது, இந்தப் பொண்ணு அதுல இருக்க மாட்டா. அப்படி என்னப்பா குறை?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெண்டு பேருமா?

"குறை எதுவும் இல்லக்கா," என்றான் அவன், தரையைப் பார்த்து. "இவங்க அஞ்சு போடுவாங்க, ரெண்டு பேரையும் உள்ள கூப்பிடுவீங்கன்னு..."

அக்கா இவள் பக்கம் திரும்பினார். இவள் முகமே பதில் சொல்லிவிட்டது.

"நல்லா இருக்கு நியாயம்! உங்க கண்ணாமூச்சிக்கு அந்தப் புள்ளதான் கெடச்சாளா? முதல்ல மார்க்கத் திருத்துங்க." கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இரண்டு ஐந்துகள் பதிவான பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அவமானமாக இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

"அன்னிக்கு நீங்க சொன்னது சரி," என்றாள். "அத ஒத்துக்க எனக்கு ரெண்டு மாசம் ஆயிடுச்சு. இன்னொண்ணையும் அப்படி இழுத்தடிக்க விரும்பல."

"என்னது?"

"உங்கள எனக்குப் புடிச்சிருக்கு."

"எனக்கும்தாங்க!" என்றான் அவன், அவள் மனசை மாற்றிக்கொண்டுவிடப் போகிறாளே என்ற அவசரத்தில்.