முந்நூறு ஓட்டும் மூன்றாவது பல்லும்

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து.

"சார், ஒரு விதிமீறலைப் பத்திப் புகார் கொடுக்கணும்." மறுமுனையில் ஓர் ஆண் குரல். ரொம்ப நிதானமாக...

"என்ன விதிமீறல்?"

"ஒரு கடத்தல் சமாச்சாரத்தை 'உடல்நலம்' பிரிவுல போட்டிருக்காங்க சார். அது 'செய்திகள்' பிரிவுல வரணும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கடத்தலா? நீங்க யாரு?"

"நான் ஒரு திரட்டியோட மட்டுறுத்துனர் சார். வலைப்பூ எழுதறவங்க அவங்க பதிவோட சுட்டியை எங்க தளத்துல கொண்டு வந்து சேர்ப்பாங்க. பிடிச்சவங்க ஓட்டுப் போடுவாங்க. ஓட்டு அதிகம் விழுந்தா முதல் பக்கத்துல வரும், அங்கேர்ந்து வலைப்பூவுக்குக் கூட்டம் வரும். ஒவ்வொண்ணும் சரியான பிரிவுல இருக்கான்னு படிச்சுப் பார்க்கிறது என் வேலை. ரெண்டு நாளா முதல் இடத்துல இருக்கிற பதிவை இப்பத்தான் படிச்சேன்."

"படிங்க."

மட்டுறுத்துனர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தலைப்பு... 'பல் துலக்குவதில் நாம் செய்யும் ஐந்து தவறுகள்'. எழுதினது ஒரு பல் டாக்டர். ஒன்று: பிரஷ்ஷை அழுத்தித் தேய்ப்பது. இரண்டு: ஒரு லிஃப்ட் மெக்கானிக் என்னைக் கடத்திவிட்டான். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஏழு மாடிக் கட்டிடம், உச்சியில் லிஃப்ட் மெஷின் ரூம். மூன்று: அவன் கவிதை திரட்டியில் முதல் இடத்துக்கு வரும்வரை, தினமும் மாலை ஐந்து மணிக்கு என் பல் ஒன்றைப் பிடுங்குவானாம். நான்கு: ஒன்று போய்விட்டது. ஐந்து: காப்பாற்றுங்கள்."

இன்ஸ்பெக்டரின் நாக்கு, அவரைக் கேட்காமலே, தன் கடைவாய்ப் பற்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தது.

"இதுக்கு எத்தனை ஓட்டு?"

"முந்நூத்திப் பன்னெண்டு. அந்த மெக்கானிக் கவிதை ரெண்டாவது இடத்துல நிக்குது."

"முந்நூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தர்கூடப் போலீசுக்குச் சொல்லலையா?"

"ஓட்டுப் போட்டாங்க சார். பின்னூட்டமும் போட்டிருக்காங்க. 'பயனுள்ள பதிவு டாக்டர், இன்றே கடைப்பிடிக்கிறேன்.' 'மூன்றாவது பாயிண்ட் சூப்பர்.' 'ஓட்டுப் போட்டாச்சு, நம்ம பக்கமும் வாங்க.'"

"யாருமே படிக்கலையா?"

"படிக்கிறதா?" மட்டுறுத்துனர் புதுச் சொல்லைக் கேட்டவர் போலத் தயங்கினார். "நான் அவருக்குப் போட்டா அவர் எனக்குப் போடுவார் சார். இதுல படிக்க நேரம் ஏது?"

இன்ஸ்பெக்டர் அவர் நம்பரைக் குறித்துக்கொண்டு போனை வைத்தார். டாக்டர் வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்தார். டாக்டரின் மனைவி எடுத்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் எங்கே?"

"பதிவர் மாநாட்டுக்குப் போயிருக்கார் சார். மூணு நாளாச்சு."

"போன் பண்ணினாரா?"

"இல்லை. ஆனா முதல் இடத்துல இருக்காரே, நல்லாத்தான் இருப்பார்னு விட்டுட்டேன். நானும் ஓட்டுப் போட்டேன்."

"அதைப் படிச்சீங்களா?"

"நல்லா இருக்கே! பதினஞ்சு வருஷமா அவர் வாயால கேட்கிறேன். அதை எழுத்துல வேற படிக்கணுமா?"

இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் ரிசீவர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அழுகை... அது நிஜமான அழுகை.

ஜீப் பறந்தது.

நாலு ஐம்பதுக்கு ஏழு மாடிக் கட்டிடம். இன்ஸ்பெக்டருக்கு முழங்கால் வலி. கூட வந்த ஏட்டுவுக்குத் தொந்தி. இருவரும் மாடிப்படியைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

லிஃப்டில் ஏறினார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடிக்க லிஃப்டிலேயே போன முதல் போலீஸ் இவர்களாகத்தான் இருக்கும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே... அதேதான்!

நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. விளக்கு அணைந்தது.

பொத்தான்களுக்கு மேலே இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. "யாரு?"

"போலீஸ். மரியாதையா லிஃப்டை மேல ஏத்து."

"மணி அஞ்சாகட்டும். ஒரு சின்ன வேலை இருக்கு. முடிச்சுட்டு ஏத்தறேன்."

பின்னணியில் டாக்டரின் குரல். "சார்... முன்பல்லு சார்... ரெண்டும் முன்பல்லு... இப்ப மூணாவதைப் பிடிச்சிருக்கான்..."

ஏட்டு கதவைப் பிளக்கப் பார்த்தார். அசையவில்லை. மணி நாலு ஐம்பத்து நாலு. இன்ஸ்பெக்டர் சட்டென்று குரலைக் குழைத்தார்.

"தம்பி, கோபப்படாதே. உன் கவிதையை நான் படிச்சேன். அருமை."

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது.

"எந்த வரி?"

"என்ன?"

"எந்த வரி அருமை? எல்லாரும் 'அருமை, நம்ம பக்கமும் வாங்க'ன்னு போட்டுட்டுப் போறாங்க. ஒருத்தராவது ஒரு வரியைச் சொன்னதில்லை. நீங்க சொல்லுங்க. சொன்னா லிஃப்டை ஏத்தறேன். பொய்யா இருந்தா ரெண்டு பல்லா எடுப்பேன்."

நாலு ஐம்பத்தாறு!

இன்ஸ்பெக்டர் ஏட்டுவைப் பார்த்தார். ஏட்டு கடைசியாகப் படித்தது தன் டிரான்ஸ்ஃபர் ஆர்டரை.

செல்போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். இன்ஸ்பெக்டர் அவசரமாக எண்களை அழுத்தினார்.

"மட்டுறுத்துனர் சார், ரெண்டாவது இடத்துல ஒரு கவிதை இருக்கே, அதைப் படிச்சீங்களா?"

"நான் எல்லாத்தையும் படிப்பேன் சார். அதானே என் தலையெழுத்து."

"ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லுங்க. சத்தமா."

இன்ஸ்பெக்டர் செல்போனை ஸ்பீக்கரின் அருகே பிடித்தார். மட்டுறுத்துனரின் நிதானமான குரல் இருட்டில் எழுந்தது.

"மேலே போக வேண்டியவர்களும்
கீழே போக வேண்டியவர்களும்
என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.
பொத்தானிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்."

பிறகு அவராகவே சேர்த்துக்கொண்டார். "கடைசி வரியில எனக்கு மனசு கொஞ்சம் கஷ்டமாயிடுச்சு சார். பிரிவும் சரியா இருந்தது."

ஸ்பீக்கரில் ஒரு விசும்பல். இன்னொன்று. அப்புறம் மூக்கு சிந்தும் சத்தம்.

விளக்கு எரிந்தது. லிஃப்ட் மெதுவாக மேலே ஏறியது.

ஏழாவது மாடியில் கதவு திறந்தபோது, மெக்கானிக் குறடைக் கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி மரியாதையாக நீட்டிக்கொண்டு நின்றான். கண்கள் சிவந்திருந்தன. ஏட்டு விலங்கு மாட்டினார்.

மெஷின் ரூமுக்குள்ளே, கிரீஸ் படிந்த மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் இடுப்போடு கட்டிப் போட்ட டாக்டர். மடியில் ஒரு லேப்டாப். அவர் வெவ்வேறு பெயரில் வைத்திருந்த நாற்பது கணக்கிலிருந்தும் கவிதைக்கு ஓட்டுப் போடுவதற்காக மெக்கானிக் கொடுத்தது. அவன் கீழே லிஃப்ட் ரிப்பேருக்குப் போன பத்து நிமிடத்தில், டாக்டர் அதே நாற்பது கணக்கால்தான் தன் பதிவையும் மேலே ஏற்றியிருந்தார். ஓட்டு ஏற ஏறக் கவிதை ரெண்டாவது இடத்திலேயே நிற்கும், பல் போகும் என்று தெரிந்துதான் செய்தார். பல் போனாலும் உயிர் பிழைக்க அது ஒன்றுதான் வழி. மெக்கானிக் தலைப்பைப் பார்த்து, பல் சமாச்சாரம்தானே என்று உள்ளே படிக்காமல் விட்டுவிட்டான்.

இன்ஸ்பெக்டர் கட்டை அவிழ்த்தார். அவருக்குப் பாவமாக இருந்தது.

"சார்..." டாக்டர் பேசியபோது முன்னால் காற்றுப் போனது. "இன்னும் முதல் இடம்தானே?"

பாவம் போய்விட்டது.

"நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?" திடீரென்று மெக்கானிக் திமிறினான். "அவர் சொன்னபடிதானே செஞ்சேன்? சட்டைப் பையில இருக்கு, எடுத்துப் பாருங்க."

ஏட்டு எடுத்தார். நாலாக மடித்த காகிதம். மடிப்புகள் நைந்து போயிருந்தன. வரிக்கு வரி சிவப்பு மையில் அடிக்கோடு.

இன்ஸ்பெக்டர் வாங்கிப் பிரித்தார். 'திரட்டி மூலம் உங்கள் வலைப்பூவுக்குக் கூட்டம் சேர்க்கப் பத்து வழிகள்'. எழுதியவர்... பல் டாக்டர்! பத்தாவது வழியை வாய்விட்டுப் படித்தார்.

"'இத்தனை செய்தும் பலன் இல்லையா? முதல் இடத்தில் இருப்பவரைத் தூக்கி வந்து ஓர் அறையில் பூட்டுங்கள். தினம் ஒரு பல்லைப் பிடுங்குங்கள். ஓட்டு தானாக விழும்.'"

டாக்டர் இருந்த பற்களையும் உதட்டால் மூடிக்கொண்டார்.

"என்ன டாக்டர் இது?"

"பத்து வழின்னு தலைப்பு வெச்சுட்டேன் சார்... ஒம்பதுதான் தோணுச்சு." டாக்டர் தரையைப் பார்த்தார். "மூணுக்கு மேல எவன் படிக்கப் போறான்னு, வாய்க்கு வந்ததை எழுதிட்டேன்."

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாடிப்படி வழியாகவே இறங்க ஆரம்பித்தவர், இரண்டாவது படியில் நின்று திரும்பினார்.

"உங்க பதிவைக் கடைசி வரி வரைக்கும் படிச்சு, சொன்னதை அப்படியே செஞ்ச ஒரே ரசிகரை உள்ளே தள்ளப் போறோம். நாளையிலேர்ந்து உங்க ஹிட்ஸ்ல ஒண்ணு குறையும்... கோவிச்சுக்காதீங்க டாக்டர்!"