ஒருத்திக்கு எழுதிய அழைப்பு

ஆட்டோவிலிருந்து இறங்கி, குடையை மடக்கி, செருப்பைப் படியோரம் விட்டு நிமிர்ந்தாள் யூஜினியா. கதவுக்கு உட்பக்கம் மீனாள் ஆச்சி நின்றிருந்தார். பார்த்தார், சிரித்தார், ஒருபக்கமாக ஒதுங்கி வழிவிட்டார். 'வா' என்று மட்டும் சொல்லவில்லை.

கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணாயிற்றே என்று யோசிக்கிறாரோ என்று யூஜினியாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் முகப்பைத் தாண்டி, நடுவில் வானம் தெரியும் வளவுக்குள் அவள் கால் வைத்ததுதான் தாமதம், ஆச்சி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாத்தா, வா. நனஞ்சிட்டியா? ஒக்காரு, காப்பி கொண்டாறேன்."

"இத வாசல்லயே சொல்லியிருந்தா நான் கண்டதையும் நெனச்சிருக்க மாட்டேன் ஆச்சி."

"வாசல்ல சொல்றதில்ல." ஆச்சியின் சிரிப்பு நின்றது. "இந்த வீட்டுப் பழக்கம் அப்பிடி."

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஐப்பசி. சென்னையில் விளம்பரக் கம்பெனி ஒன்றில் பத்து வருஷம் வாசகம் எழுதிவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் காரைக்குடிக்குத் திரும்பியிருந்தாள் யூஜினியா. செக்காலை ரோட்டில் அவளுடைய தம்பி சகாய ஆண்டனி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். மதுரைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் இன்டர்நெட் கிடைக்கும். மோடம் கத்துகிற கத்தலுக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும். அவன்தான் ஆச்சியின் வீட்டுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள் என்பது கணக்கு.

"மூணு வாரமாச்சு. எத்தன பேரு பாத்திருக்காக?" என்று கேட்டார் ஆச்சி.

"முந்நூத்தி நாப்பது பேரு."

"வாரோம்னு எழுதுனவுக?"

"ஒருத்தருமில்ல ஆச்சி."

"பாத்துட்டுப் பாத்துட்டுப் போறதுக்கு இது என்ன பொருட்காட்சியா?"

சொல்லிவிட்டு ஆச்சி எதிரிலிருந்த தூண்களைக் காட்டினார். பர்மாத் தேக்கு. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைச் சாக்கட்டியால் எண் போட்டிருந்தது.

"கொழுந்தனாரு காசிவிஸ்வநாதன் ஆளக் கூட்டியாந்து அளந்துட்டுப் போயிருக்காரு. பங்காளிக எல்லாம் அவரு பக்கம். கார்த்திக முடியிறதுக்குள்ள மூணு குடும்பமாச்சும் தங்க வரணுமாம். இல்லாட்டி வீட்டப் பிரிச்சு மரத்த வித்துருவோம்னு சொல்லிட்டாரு. எனக்குப் பிள்ளையா, குட்டியா? நான் எங்குட்டுப் போவேன்?"

யூஜினியா காப்பியைக் கீழே வைத்தாள். "தப்பு எழுத்துல இருக்கு ஆச்சி. ஆண்டனி 'அரண்மனைச் சுகம்'னு எழுதி வச்சிருக்கான். ஊரையே கூப்பிட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாக. ஒரே ஒரு ஆள மனசுல வச்சுக்கிட்டு, அவுகளுக்கு மட்டும் எழுதணும். அவுக எதுக்குத் தயங்குறாகளோ அத நாமளே முதல்ல சொல்லிடணும். அப்பத்தான் படிக்கிறவுக ஒவ்வொருத்தரும் 'அட, என்னையத்தான் கூப்பிடுறாக'ன்னு நெனைப்பாக."

"அந்த ஒரு ஆளு யாரு?"

"நீங்கதான் சொல்லணும். இந்த வீட்டுக்கு ஒருத்தரக் கூப்பிடணும்னா யாரக் கூப்பிடுவீக?"

வளவு முற்றத்தில் மழை சொட்டிக்கொண்டிருந்தது. ஆச்சியின் கண் வாசல் பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"கூச்ச சுபாவம்," என்றார், மெதுவாக. "யாராச்சும் சொன்னாத்தான் உள்ள கால் வைப்பாக. கருப்பட்டிக் காப்பிதான் குடிப்பாக. அந்தா, ரெண்டாவது தூண்ல சாஞ்சுதான் ஒக்காருவாக. பச்சப் பட்டுன்னா உசிரு."

யூஜினியா குறித்துக்கொண்டாள். "யாரு ஆச்சி அது?"

"யாரோ. ஒருத்தரு வேணும்னு நீதான கேட்ட?"

வளவு மூலையில் ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது. அதைப் பற்றி அவள் கேட்பதற்குள் ஆச்சி எழுந்துவிட்டார்.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செக்காலையில் உட்கார்ந்து எழுதினாள். ஆண்டனி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"அரண்மனைச் சுகத்தத் தூக்கிட்டியாக்கா? எனக்குப் பிடிச்சிருந்துச்சே."

"உனக்குப் பிடிச்சு என்னடா செய்ய? நீ துட்டுக் குடுத்து அங்க தங்குவியா?"

"எனக்கெதுக்கு? வீட்டுல கட்டில் இருக்கு."

"அப்ப வாய மூடிக்கிட்டு மோடத்தப் போடு."

ஆங்கிலத்தில்தான் எழுதினாள். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'நீங்கள் வாசல் வரைக்கும் வந்துவிட்டீர்கள். யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நிற்கிறீர்கள். உங்களை யாரும் மறக்கவில்லை. இரண்டாவது தூணடியில் உங்கள் இடம் காலியாகத்தான் இருக்கிறது. கருப்பட்டிக் காப்பி கொதிக்கிறது. பச்சைப் பட்டை உடுத்திக்கொண்டு வாருங்கள். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இது உங்கள் வீடு.'

இத்தனை சுளுவாக அவளுக்கு எந்த வாசகமும் வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ சொல்லச் சொல்ல எழுதுவது போல வந்தது.

கடைசி வரி தமிழில் இருந்தால் அழகாக இருக்கும் என்று தோன்றியது. அதற்கான எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லை. தூரிகையால் தாளில் எழுதி, அதை ஸ்கேன் செய்து படமாக ஒட்டினாள்.

'உள்ளே வாங்க.'

"அக்கா, என்னமோ வாடை வருது," என்றான் ஆண்டனி. "நனஞ்ச பட்டுச் சேலைய மடிச்சு வச்சாப்புல."

"மழைடா. கதவச் சாத்து."

வியாழக்கிழமை காலையில் இ-மெயில் பெட்டியைத் திறந்தபோது ஒரே ஒரு விசாரணை வந்திருந்தது. ஆண்டனி விசிலடித்தான். யூஜினியா படிவத்தைப் படித்தாள். பெயர், சாலா. ஊர், ஒக்கூர். ஆட்கள், ஒருவர். வரும் நாள், வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. குறிப்பு என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ்: 'கூப்பிட்டதுக்குச் சந்தோஷம். வாரேன். என் அறையத் தெறந்து வைக்கச் சொல்லுங்க.'

"ஒக்கூர்ல ஏதுக்கா இன்டர்நெட்?"

"யாராவது சிங்கப்பூர்லருந்து லீவுக்கு வந்தவுகளா இருக்கும். முதல் ஆளுடா! எங்க மாதாதான் கண் தெறந்திருக்கா."

*

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குத் தாளும் கையுமாக அந்த வீட்டுக்குப் போனாள். வானம் கறுத்து, பகலிலேயே வளவு இருட்டிக் கிடந்தது. கரண்ட் இல்லை. யூஜினியா சந்தோஷமாகப் படித்துக்காட்டினாள்.

பெயரைச் சொன்னதும் ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னன்னு எழுதுன? அந்தப் பக்கத்துல கடைசியா என்னன்னு எழுதுன?"

"உள்ளே வாங்கன்னு."

"ஐயோ, ஆத்தா."

"என்ன ஆச்சி?"

ஆச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

"சாலா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருக்கு மூத்தவரோட சம்சாரம். பிள்ள இல்லேன்னு ஒக்கூருக்கே திருப்பி அனுப்பிட்டாக. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கு ஊரெல்லாம் வீடு வீடாப் போயி அழைச்சவுக, ஒக்கூர் வீட்டுக்கு மட்டும் போயிச் சொல்லல. நேர்ல போயிச் சொல்லாட்டி எங்கள்ல யாரும் படியேற மாட்டோம். ஆனா அவுக வந்தாக. பச்சப் பட்டு உடுத்தி, வாசல்ல வந்து நின்னாக. யாராச்சும் வான்னு ஒரு வார்த்த சொல்லுவாகன்னு நின்னாக. போறவுக வாரவுக எல்லாம் தரையப் பாத்துக்கிட்டுப் போனாக."

"நீங்க?"

"நான் நேருக்கு நேராப் பாத்தேன். வாயத் தெறந்தேன். பக்கத்துல நின்ன மாமியா என் கையில ஒரு அமுக்கு அமுக்குனாக. அவ்வளவுதான். நாக்கு ஒட்டிக்கிருச்சு. பொழுது சாயிற வரைக்கும் நின்னுட்டுப் போனாக. மறுநாக் காலைல ஊருணியில மிதந்தாக."

மழை சட்டென்று வலுத்தது.

"அதுலருந்து இந்த வாசல்ல யாரும் யாரையும் வான்னு சொல்றதில்ல. ஒரு தடவ, வெளியூர்க்காரரு ஒருத்தரு தெரியாமச் சொல்லிட்டாரு. அன்னைக்குப் பந்தியில ஏழு பேருக்கு இலை போட்டோம். பாத்தா எட்டு இலை. எட்டாவது இலைல சாப்பிட்டு மூடியிருந்துச்சு. அந்த மாசமே என் வீட்டுக்காரரு போயிட்டாரு."

யூஜினியா டெலிபோனை நோக்கி ஓடினாள்.

"ஆண்டனி, அந்தப் பக்கத்த எடுத்துருடா. இப்பவே எடு!"

"என்னக்கா, லைன்ல காத்தடிக்கிற சத்தமாக் கேக்குது? இரு, எடுக்குறேன். ம், எடுத்தாச்சு."

லைன் செத்துப்போனது.

"எடுத்தாச்சு ஆச்சி."

"கூப்பிட்டத எப்பிடித்தா எடுக்க முடியும்?"

வாசலில் வளையல் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் அசையவில்லை.

பிறகு, துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம். மழைச் சத்தத்துக்குள்ளேயே தனியாகக் கேட்டது. சொட்டு, சொட்டு என்று, ஒரே இடத்தில்.

"போகாதீக ஆச்சி."

"அன்னைக்கும் வாயத் தெறக்கல. இன்னைக்கும் அவுக அங்கயே நிக்கணுமா? முப்பத்தேழு வருஷம்டீ."

ஆச்சி முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தார். முகப்பைக் கடந்தார். நிலையைத் தாண்டி வெளியே படியில் இறங்கி, மழையில் நின்று, கைகூப்பினார். அவருக்கு எதிரே யாரும் இல்லை.

"உள்ள வாங்க அக்கா."

சொட்டுச் சத்தம் நின்றது.

முகப்பில் நின்ற யூஜினியாவின் தோளை ஒரு குளிர் உரசிக்கொண்டு போனது. நனைந்த பட்டின் வாடை.

பூப்போட்ட தரையில் ஈரப் பாதங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. வாசலிலிருந்து வளவுக்கு. வளவிலிருந்து இரண்டாவது தூணுக்கு.

தூணில், முதுகு சாய்கிற உயரத்தில், ஈரம் படர்ந்தது. சாக்கட்டி எண் கரைந்து வழிந்தது.

மூலை அறையின் பூட்டு கழன்று விழுகிற சத்தம் கேட்டது.

"யூஜினியா."

திரும்பினாள். ஆச்சி இன்னும் படியில்தான் நின்றிருந்தார். நரைத்த முடி முகத்தில் ஒட்டியிருந்தது. ஒரு காலைத் தூக்கி நிலைக்கு உள்ளே வைக்கப் பார்த்தார். கால் அந்தரத்தில் நின்று, திரும்பவும் வெளியேதான் விழுந்தது.

"உள்ள வர முடியலத்தா. என்னையக் கூப்பிடு. ஒரு வார்த்த சொல்லு, போதும்."

யூஜினியா வாயைத் திறந்தாள்.

அவளுடைய கையின் மேல் ஓர் உள்ளங்கை வந்து அமர்ந்தது.

ஈரமான உள்ளங்கை. பலமாகக்கூட அமுக்கவில்லை. சபையில் மூத்தவர்கள், சும்மா இரு என்று அமுக்குவது போல ஒரு அமுக்கு.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆச்சி அவள் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். கோபப்படவில்லை.

"இப்பத் தெரியுதா, அன்னைக்கு எனக்கு எப்பிடி இருந்துச்சுன்னு?"

திரும்பி, மழைக்குள் இறங்கி, ஊருணிப் பக்கமாக நடந்து போனார்.

யூஜினியாவுக்குக் குரல் வந்தபோது தெருவில் யாரும் இல்லை.

*

கார்த்திகை முடிவதற்குள் நான்கு குடும்பங்கள் தங்க வந்தன. ஆச்சியின் காரியம் முடிந்த கையோடு காசிவிஸ்வநாதனே செக்காலைக்கு வந்தார். "மீனாள் அண்ணமிண்டி ஊருணியில வழுக்கி விழுந்தது அவுக விதி. நாம ஆக வேண்டியதப் பாப்போம். நீங்க எழுதுனதப் பாத்துட்டு மலேசியாவுல எல்லாரும் பேசிக்கிறாகளாம். எதுக்கு எடுத்தீக? அதையே போடுங்க," என்றார். யூஜினியா மாட்டேன் என்றாள். ஆண்டனியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி அவரே போட வைத்துவிட்டார். வீட்டைப் பிரிக்கிற பேச்சு நின்றுபோனது. சமையலுக்கு இராமு என்ற ஒருவனை வைத்தார். அவனைத் தவிர அங்கே வேலைக்கு ஆள் கிடையாது.

தை மாதம், பினாங்கிலிருந்து வந்து தங்கிப் போன ஒரு குடும்பம் கடிதம் எழுதியிருந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் படிக்கட்டும், பக்கத்தில் போடு என்று காசிவிஸ்வநாதன் கொடுத்தனுப்பியிருந்தார்.

'பச்சைப் பட்டு உடுத்திய அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்து, சொந்தப் பிள்ளைகளைப் போல எங்களைப் பார்த்துக்கொண்டார். ஒரே ஒரு குறை. வாசல் படியில் வயதான அம்மா ஒருவர் நாளெல்லாம் நிற்கிறார். மழையே இல்லை, ஆனால் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பாவமாக இருந்தது. உள்ளே கூப்பிடலாம் என்று போனோம். எங்கள் யாருக்கும் வாயில் வார்த்தை வரவில்லை.'

யூஜினியா அதைப் பக்கத்தில் போடவில்லை. மேஜைக்குள் வைத்துப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமைதோறும் உச்சிப்பொழுதில் ஒரு விசாரணை வருகிறது. பெயர், மீனாள். ஆட்கள், ஒருவர். வரும் நாள் என்ற இடம் காலி. குறிப்பில் ஒரே வரி: 'கூப்பிட்டா வாரேன்.'

யூஜினியாவும் ஒவ்வொரு தடவையும் பதில் எழுத உட்காருகிறாள். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேரைக் கூப்பிடத் தெரிந்தவள். 'ஆச்சி' என்று எழுதுகிறாள். 'உள்ளே' என்று எழுதுகிறாள்.

அடுத்த எழுத்துக்கு விரல் போகும்போது, கையின் மேல் ஈரமாக அது வந்து அமர்கிறது.