நீல முகம்

ஸ்டூடியோக்காரர் உறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். வெளியே காலையிலிருந்து விடாத மழை.

“என்னம்மா இது?” என்றார்.

பட்டாணி அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பட்டாணி என்பது அவள் பெயர் இல்லை. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். அதனால் அண்ணன் வைத்த பட்டப்பெயர். இப்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பெயர் மட்டும் விட்டபாடில்லை.

போட்டோவில் வயதான பெண்மணி ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் உதடு நீலமாக இருந்தது. கன்னமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது.

பழைய, மங்கிய, கிழிந்த போட்டோக்களைக் கணினியில் சரிசெய்து கொடுப்பதுதான் அம்மாவின் வேலை. ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்து தருவார். அம்மா வீட்டிலிருந்தே செய்து கொடுப்பார். அப்பா இந்த வருஷத் தொடக்கத்தில் நோயில் இறந்துபோனார். அதற்குப் பிறகு இந்த வேலையை வைத்துத்தான் வீடு ஓடுகிறது.

“ஒரு பஸ் டிரைவர் கொடுத்த படம்மா. இது அவரோட சம்சாரம். போன மாசம் தவறிட்டாங்க. படத்தை வாங்கிப் பார்த்தாரு. ‘இது என் வீட்டுக்காரி இல்லையே சார்’னு சொல்லிட்டு அப்படியே உக்காந்துட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை.”

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எனக்குத் திரையில சரியாத்தானே தெரிஞ்சுது...”

“பிரிண்ட் மிஷின்ல கோளாறு இல்லை. மத்தவங்க பண்ற படமெல்லாம் நல்லாத்தான் வருது. உன்னோடது மட்டும்தான் கொஞ்ச நாளா இப்படி. தப்பா நினைச்சுக்காதேம்மா, ஒரு தடவை கண்ணைக் காட்டிடு. சனிக்கிழமைக்குள்ள இதைச் சரிபண்ணிக் கொடு. முடியலைன்னா சொல்லிடு, நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்.”

அவர் கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டுப் போகும்போது அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

அவர் போனதும் அம்மா அந்தப் போட்டோவையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். மானிட்டரில் அந்த முகம் நன்றாக இருந்தது. காகிதத்தில் நீலமாக இருந்தது.

“பேப்பர்ல பார்த்தா நீலம் தெரியுது. திரைக்கு முன்னாடி உக்காந்தா தெரிய மாட்டேங்குது. கண்ணுதான். எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. இன்னைக்கு அவ சுவரைத் தடவிக்கிட்டு நடக்கிறா” என்றார் அம்மா.

“டாக்டர்கிட்ட போகலாம்மா” என்றாள் பட்டாணி.

“போனா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். இந்த வேலையை விட்டுடுறேன். வேற ஏதாவது கிடைக்காமலா போயிடும்?”

சொன்னாரே ஒழிய, அன்று அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு துணியை எடுத்து மானிட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது அப்பா வாங்கியது. கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினாராம். பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்காரவைத்துக் கொண்டுவந்தாராம். கண்டக்டர் சிரித்த கதையை அப்பா அடிக்கடி சொல்வார். இப்போது அந்தக் கதையைச் சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வருவதில்லை.

மறுநாள் பட்டாணியின் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. அம்மா நூல் டப்பாவைத் திறந்தார். அதில் பச்சை நூலே நாலைந்து இருந்தது. பட்டாணிக்கு எல்லாம் ஒரே பச்சைதான். அம்மா ஒன்றை எடுத்தார், வேண்டாம் என்று போட்டார், இன்னொன்றை எடுத்துத் தைத்தார். தைத்த இடமே தெரியவில்லை.

பட்டாணிக்கு ஏதோ உறைத்தது. “அம்மா, உனக்குத்தான் நிறம் நல்லாத் தெரியுதே.”

“நூல் வேற, திரை வேற. திரை வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்ணு கெட்டுப்போச்சு.”

‘அப்படியென்றால் வேறொரு திரையில் பார்த்தால் தெரிந்துவிடுமே’ என்று பட்டாணி நினைத்தாள். ஆனால் வேறு திரைக்கு எங்கே போவது? அம்மாவிடம் இருந்தது பொத்தான் அமுக்கிப் பேசுகிற பழைய போன். அண்ணனுக்குப் போனே கிடையாது.

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான். “அம்மா, நாளைக்குக் கடைக்குப் போறோம்ல? மறந்துடாதே.”

பரீட்சையில் நல்ல மார்க் எடுத்ததற்காக மாமா அண்ணனுக்குப் பணம் அனுப்பியிருந்தார். வீட்டில் இருக்கிற ஒரே கணினியில் விளையாட அவனுக்குப் புது மானிட்டர் வேண்டும். பல நாளாக அதே பேச்சு. தூக்கத்தில்கூட யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.

“உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோடா. எனக்கு இனிமே மானிட்டரே தேவைப்படாது” என்றார் அம்மா.

அண்ணனின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் ஆசை யாரை விட்டது?

பட்டாணி சத்தமில்லாமல் போய் அம்மாவின் பென்டிரைவையும், ஸ்டூடியோக்காரர் வைத்துவிட்டுப் போன போட்டோவையும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கடையில் ஒரு சுவர் முழுக்க மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே மீன் ஒரே பக்கமாக நீந்திக்கொண்டிருந்தது. அண்ணன் நேராக வளைந்த மானிட்டர் ஒன்றின் முன்னால் போய் நின்றான்.

“தம்பிக்குக் கண்ணு நல்லா வேலை செய்யுது” என்றார் கடைக்காரர். “கண் இமைக்கிறதுக்குள்ள எத்தனையோ தடவை படம் மாறும். எதிரி சுவருக்குப் பின்னாடி மூக்கை நீட்டினாலே போட்டுத்தள்ளிடலாம். விலையும் உங்க கைக்கு அடக்கம்.”

“இதுதாம்மா” என்றான் அண்ணன். அவன் குரல் தழுதழுத்தது. அம்மா தலையை ஆட்டினார். அவர் மனம் அங்கே இல்லை.

பட்டாணி பென்டிரைவை நீட்டினாள். “அங்கிள், இதுல இருக்கிற போட்டோவைப் போட்டுப் பார்க்கலாமா?”

“ஏன் பாப்பா, மீன் நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மீன் நிஜமாவே இந்த நிறமான்னு எனக்கு எப்படித் தெரியும்? மனுஷங்கன்னா தெரியும்.”

அண்ணன் பல்லைக் கடித்தான். “உன்னை யாருடி கூட்டிட்டு வந்தது?”

“கேக்கிறதுல தப்பு இல்லையே தம்பி” என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் பென்டிரைவைச் செருகினார்.

மீன் மறைந்தது. சுவர் முழுக்க அந்த டிரைவர் மனைவியின் முகம் வந்தது. சின்ன மானிட்டரில் சின்னதாக, பெரிய மானிட்டரில் பெரிதாக. எல்லா முகமும் நீலம்.

கடையில் இருந்த ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் கேலி பேச வாயைத் திறந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

“அம்மா, இதுல உனக்கு எப்படித் தெரியுது?” என்று கேட்டாள் பட்டாணி.

அம்மா மெதுவாகச் சுவர்ப்பக்கம் போனார். ஒவ்வொரு திரையாகப் பார்த்தார்.

“நீலமா இருக்கு” என்றார். “உதடு... கன்னம்... எல்லாம் நீலமா இருக்கு.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

“எனக்கும் அப்படித்தாம்மா தெரியுது. உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. “அப்போ நம்ம வீட்டு மானிட்டர்தான்...” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அம்மா அங்கிருந்த ஓர் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள் பட்டாணி. அம்மாவோ முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“கண்ணு போச்சுன்னு நினைச்சேன். அந்த மானிட்டர் போயிருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. அவர் பார்த்துப் பார்த்து வாங்கினதாச்சே.”

கடைக்காரர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். “எல்லாத்துக்கும் வயசாகும்க்கா. திரைக்குப் பின்னாடி எரியிற விளக்கு நாளாக ஆக மஞ்சளடிக்கும். தினமும் பார்க்கிறவங்களுக்கு அது தெரியாது.”

“படம் மஞ்சளா இருக்குதேன்னு நானும் மஞ்சளை எடுத்துக்கிட்டே இருந்திருக்கேன்” என்றார் அம்மா. “மஞ்சளை எடுத்தா மிச்சம் நீலம்தானே.”

பட்டாணி பையிலிருந்து போட்டோவை எடுத்தாள். ஒவ்வொரு மானிட்டருக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அதுதான் தப்பான போட்டோவாச்சே, அதை வெச்சு என்ன பண்ணப்போறே?” என்றான் அண்ணன்.

“தப்பா இருந்தா என்ன? காகிதத்துல எவ்வளவு தப்போ, திரையிலயும் அவ்வளவுதானே தப்பா இருக்கணும்?”

அண்ணனும் கூடச் சேர்ந்து பார்க்க ஆரம்பித்தான். ஒன்றில் நீலம் மிகவும் அதிகம். ஒன்றில் உதடு ஊதா. வளைந்த மானிட்டரை நேராகப் பார்த்தால் ஓரளவு சரி. கொஞ்சம் தள்ளி நின்றால் முகமே வெளிறிப்போனது. மூலையில் ஒன்று, எந்தப் பகட்டும் இல்லாமல் சும்மா ஒரு கறுப்புச் சட்டத்தோடு இருந்தது. அதில் தெரிந்த முகமும் காகிதத்து முகமும் ஒன்றாக இருந்தன. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மாறவில்லை.

“இதுல நிறம் நல்லா வரும். விலையும் கிட்டத்தட்ட அதேதான்” என்றார் கடைக்காரர். “வேகம் மட்டும் அந்த வளைஞ்சதை விடக் கொஞ்சம் கம்மி. விளையாடலாம், ஆனா எதிரி மூக்கை நீட்டின பிறகு தலையையும் நீட்டுவான், அப்பதான் சுட முடியும்.”

பட்டாணி அண்ணனைப் பார்க்கவில்லை. பணம் அவனுடையது. அவனாகச் சொல்லட்டும் என்று சும்மா இருந்தாள்.

அண்ணன் வளைந்த மானிட்டர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பாவம், அவனுக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

“அந்தக் கறுப்பையே கட்டிக் கொடுங்க அங்கிள்” என்றான். “வளைஞ்சுதான் இருக்கணும்னா நான் வளைஞ்சு உக்காந்துக்கிறேன்.”

அம்மா அவன் தலையைக் கோதிவிட்டார். கடைக்குள் இருக்கிறோம் என்று அவன் நெளிந்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா டிரைவர் கொடுத்த படத்தை முதலிலிருந்து செய்தார். சனிக்கிழமை அண்ணன் அதை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முழுக்க நனைந்து திரும்பி வந்தான்.

“என்ன சொன்னாரு?” என்றார் அம்மா.

“டிரைவர் தாத்தா அங்கேயே இருந்தாரு. ஒண்ணுமே சொல்லலைம்மா. ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் குடையைப் படத்துக்குப் பிடிச்சுக்கிட்டு, தான் நனைஞ்சுக்கிட்டே போனாரு. ஸ்டூடியோ மாமா அடுத்த வேலையைக் கொடுத்திருக்காரு. இந்தா.”

அம்மா உறையை வாங்கிக்கொண்டார். அன்று மாலைதான் அண்ணனுக்கு விளையாட நேரம் கிடைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நண்பர்கள் அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

அம்மா மட்டும் சுவர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சுவரில் அப்பாவின் படம். போன மாதம்தான் அம்மா மனதைத் திடப்படுத்திக்கொண்டு அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்.

“இதையும் அந்தப் பழைய மானிட்டர்லதானே பண்ணேன்” என்றார்.

பட்டாணி நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம். அப்பாவின் முகமும் நீலமாகத்தான் இருந்தது. கடைசி நாள்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா இருந்த நிறமும் அதுதான். அதனால்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா அப்படித்தான் இருந்தார் என்று மூவருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் எழுந்து நாற்காலியை அம்மா பக்கம் தள்ளினான்.

“அண்ணா, உன் ஆட்டம்?” என்றாள் பட்டாணி.

“அவங்க ஆடட்டும்.”

அம்மா அப்பாவின் பழைய போட்டோவைத் திரையில் திறந்தார். அது மங்கி, நிறமெல்லாம் போயிருந்தது. அம்மாவின் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது.

“எனக்கு அவர் நிறமே மறந்துபோச்சுடா. இந்தப் படத்தையே பார்த்துப் பார்த்து எல்லாம் மறந்துபோச்சு.”

அம்மா அழுதார். பட்டாணி என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்து மேலே சுருட்டினாள்.

“ஏய், என்ன பண்றே?”

“எல்லாரும் உன்னைப் பார்த்து என்ன சொல்வாங்க? அப்படியே அப்பா நிறம்னுதானே?”

அண்ணன் கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினான். “இதைப் பார்த்துப் பண்ணும்மா.”

அம்மா அந்தக் கையை ஒரு முறை பார்த்தார், திரையை ஒரு முறை பார்த்தார். அப்பாவின் நெற்றியில் கொஞ்சம் நிறம் வந்தது. அப்புறம் மூக்கில். அப்புறம் கன்னத்தில்.

அண்ணனுக்குக் கை கடுக்க ஆரம்பித்தது. பட்டாணி அவன் முழங்கைக்குக் கீழே போய் நின்று தோளைக் கொடுத்தாள். அவள் உயரம் அதற்குச் சரியாக இருந்தது. அம்மா போதும் என்று சொல்லும்வரை இருவரும் அசையவில்லை.